பெரும் அடைப்பு நிகழாத நாட்டில்: கிராமமும் மனநோயும் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 'இவன ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்' என்றால் முடிந்தது. திருச்சிப் பக்கம் குணசீலம் என்பார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம், சினிமா நகைச்சுவையின் புண்ணியத்தில் அது மாநிலம் முழுவதற்கும் பொதுவான வசையாகிவிட்டது. தமிழில் மனநோய்க்கு நோயின் பெயரைவிட ஊரின் பெயரே அதிகம் புழங்குகிறது. இந்த ஊர்களில் கீழ்ப்பாக்கம் ஒன்றில்தான் அரசு இருக்கிறது. மற்றவற்றில் இருப்பது தர்காவும் பெருமாள் கோயிலும். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு சமூகம் தன் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு எந்தத் திசையில் நடந்தது என்பதற்கு இந்த வசைகளைவிட நம்பகமான ஆவணம் கிடைக்காது. வரலாற்று ஆசிரியர்கள் ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடினால் கீழ்ப்பாக்கத்தைத்தான் கண்டுபிடிப்பார்கள். ஏனென்றால் அங்கேதான் பதிவேடு வைத்திருந்தார்கள்.

முதலில் ஒரு நினைவைச் சொல்லிவிட வேண்டும். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், எண்பதுகளின் தொடக்கத்தில், தெருவின் கடைசி வீட்டில் ஒரு அக்காவைத் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். கயிறு தாங்காது என்று மாட்டுச் சங்கிலி. கணுக்காலில் பழந்துணி சுற்றி அதற்கு மேல் சங்கிலி. துணி சுற்றியது அவருடைய அம்மா. வாரம் ஒருமுறை அதை அவிழ்த்துத் துவைத்து, புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவி, மறுபடி சுற்றுவார். கல்லூரியில் சேர்ந்து நாலு புத்தகம் படித்துவிட்டு விடுமுறையில் வந்த நான் அவரிடம் நியாயம் கேட்கப் போனேன்.

'கட்டாம என்னய்யா செய்ய? நான் களையெடுக்கப் போனாத்தான அதுக்கும் கஞ்சி எனக்கும் கஞ்சி. போன தடவ அவுத்து விட்டுட்டுப் போயி, கெணத்து மேட்டுல கெடந்தவளத் தூக்கிட்டு வந்தாக. நீ வந்து கூட இருந்து பாத்துக்கிறியா?'

நான் பாத்துக்கல. லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டேன். அந்த அம்மா சொன்னதில் இருந்த கணக்கு எனக்கு விளங்கப் பத்து இருபது வருஷம் ஆயிற்று. நோயாளி ஒருவரோடு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். கூலி போகாமலிருக்க அந்த வீட்டில் போடப்பட்டதுதான் சங்கிலி. அதைக் கொடுமை என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது அறியாமையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் பொய்.

தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகள் வழியாக ஃபூக்கோவைப் படித்தவர்களில் நானும் ஒருவன். பைத்தியம் குறித்த அவருடைய பெரிய நூல் பிரெஞ்சில் 1961-இல் வெளிவந்தது. 1656-இல் பாரிசில் பொது மருத்துவமனை என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் ஏழைகளையும் வேலையற்றவர்களையும் புத்தி பேதலித்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து அடைத்ததை அவர் 'பெரும் அடைப்பு' என்றார். பகுத்தறிவு தன் எல்லையை வரைந்துகொள்ளப் பைத்தியத்தைச் சுவருக்குப் பின்னால் தள்ளிற்று என்பது வாதம். நாம் அந்தச் சுவரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டோம். மனநல மருத்துவம் என்றாலே அதிகாரத்தின் கண்காணிப்பு, மாத்திரை என்றாலே ஒழுங்குபடுத்தல், பைத்தியம் என்றாலே கலகத்தின் மொழி என்று எழுதினோம். கூட்டங்களில் நன்றாகத்தான் பேசினோம். பேய் பிடித்து ஆடும் பெண்ணின் உடலில் எதிர்ப்பைக் கண்டோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத பெண் சாமி வந்துதான் மாமியாரை அதட்ட முடியும். ஆனால் ஆட்டம் முடிந்தும் தெளியாத பெண்ணுக்கு நம் கட்டுரைகளில் இடமில்லை. அவள் பல மாதம் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, குழந்தையை யாரென்று தெரியவில்லை என்பது எந்தச் சொல்லாடலிலும் சேராமல் வெளியே நின்றது.

பெரும் அடைப்பு இந்த நாட்டில் நிகழவே இல்லை என்பதைத்தான் நாம் பார்க்கத் தவறினோம்.

கொஞ்சம் பின்னால் போவோம். சென்னையில் பைத்தியங்களுக்கென ஒரு விடுதி 1794-இல் தொடங்கியது. வாலண்டைன் கானலி என்ற கம்பெனி அறுவை மருத்துவர் தொடங்கி நடத்திய சின்ன இடம் அது. சிறிது காலம் கழித்து ஜேம்ஸ் டால்டன் என்பவர் கைக்கு மாறி, 'டால்டன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே பெயராயிற்று. கம்பெனி பணம் கட்டும், மருத்துவர் லாபம் பார்ப்பார். பாரிசில் பினல் 1793-இல் பிசெத்ர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததையும், அங்கே சங்கிலிகள் கழன்ற கதையையும் மருத்துவ வரலாறுகள் தவறாமல் சொல்கின்றன. கிட்டத்தட்ட அதே வருஷங்களில் சென்னையில் பைத்தியம் ஒரு ஒப்பந்தத் தொழிலாக இருந்ததைக் குறைவாகவே சொல்கின்றன. 1871-இல் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் அரசின் பைத்தியக்கார விடுதி திறக்கப்பட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை இருப்பது அங்கேதான். திறந்தபோது அங்கிருந்த நோயாளிகள் 145 பேர். அதே காலகட்டத்தில் விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் ஒவ்வொன்று வந்தது. ஒரிசா எல்லையிலிருந்து திருநெல்வேலி வரை நீண்டு கிடந்த சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆக மொத்தம் மூன்று.

இந்த மூன்றும் எவ்வளவு பேரை அடைத்திருக்க முடியும்? 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை தந்தபோது, ஏறத்தாழ 40 கோடி மக்களுக்கு நாடு முழுவதும் இருந்த மனநோய்ப் படுக்கைகள் சுமார் பத்தாயிரம். நாற்பதாயிரம் பேருக்கு ஒரு படுக்கை. இங்கிலாந்தில் அப்போது முந்நூறு பேருக்கு ஒன்று. காலனிய அரசுக்கு இங்கே எல்லாரையும் அடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தெருவில் திரிந்து அமைதியைக் கெடுப்பவன், வெள்ளைக்காரனுக்குத் தொந்தரவாக இருப்பவன், கொலை செய்துவிட்டுப் புத்தி சுவாதீனமில்லை என்று தெரியவந்தவன், இவர்களை அடைத்தால் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் கிராமத்தில் கிடந்தார்கள். அவர்களை யாரும் ஒழுங்குபடுத்தவில்லை, கண்காணிக்கவும் இல்லை. கைவிட்டார்கள். கைவிடுதலும் ஆட்சிமுறைதான் என்றாலும், அதைப் படிக்கப் பெரும் அடைப்பு என்ற கருத்தாக்கம் உதவாது.

சட்டத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1858-இல் பைத்தியம் குறித்து மூன்று சட்டங்கள் வந்தன. 1912-இல் இந்தியப் பைத்தியச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி, அலைந்து திரியும் பைத்தியம் என்று தோன்றுகிறவரைக் காவல் நிலைய அதிகாரி பிடித்து நீதிபதி முன்னால் நிறுத்தலாம். நீதிபதி மருத்துவரின் சான்றிதழைப் பார்த்து விடுதியில் சேர்க்க உத்தரவு போடுவார். உறவினர் சேர்ப்பதானாலும் நீதிமன்றத்தில் மனு. தானாக வந்து சேரலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. படித்த, நகரத்து நோயாளிக்கு அது பயன்பட்டிருக்கும். கிராமத்துக்காரர் பார்வையில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். பிள்ளைக்குச் சித்தம் கலங்கினால் முதல் வாசல் போலீஸ் ஸ்டேஷன், இரண்டாவது கோர்ட்டு, மூன்றாவது நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் முன்பின் பார்த்திராத ஊரில் ஒரு கேட்டு. அந்தக் கேட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். கூட இருக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறக் கூடாது என்பதையே மானமாக வைத்திருந்த ஊர்களில், அதிலும் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த சனங்கள் வாழ்ந்த எங்கள் மாவட்டத்தில், யார் அந்த வழியில் போவார்கள்?

இந்தச் சட்டத்தை மாற்றச் சுதந்திர இந்தியாவுக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. 1987-இல் மனநலச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1993-இல். பைத்தியம் என்ற சொல் போய் மனநோயாளி என்ற சொல் வந்தது. போலீசும் நீதிபதியும் அப்படியே இருந்தார்கள்.

இப்போது அந்த இன்னொரு திசை. சுல்தான் சையது இப்ராகிம் சாகிது அடங்கிய ஏர்வாடி தர்காவுக்கு முதல் வாசல் எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே யாரும் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை. வருகிறவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நிறைய. நோயாளியோடு தாய் இருக்கலாம், தங்கை இருக்கலாம். கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்கலாம். அது பத்து நாளில் வரலாம், பத்து வருஷத்திலும் வரலாம். காவிரியின் வடகரையில் உள்ள குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள். உச்சிக் காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். மற்ற நேரம் கோயிலைச் சுற்றி இருக்க வேண்டியதுதான். ஒரு நாளுக்கு ஒரு ஒழுங்கு, கூட ஒரு ஆள், இதே துன்பத்தோடு வந்த பத்துக் குடும்பம் பக்கத்தில். 'எங்க பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல முடிகிற இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருந்தது?

பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த நண்பர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்சைச் சேர்ந்த ரகுராம் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோர் தீவிர மனநோய் உள்ளவர்கள். அங்கே மருந்து கிடையாது, பேயோட்டுதல் கிடையாது. உறவினர் ஒருவரோடு தங்கி, கோயிலில் சின்னச் சின்ன வேலை பார்ப்பார்கள். சராசரியாக ஆறு வாரம் இருந்துவிட்டுப் போனவர்களின் நோய்க்குறிகள், மருத்துவ அளவுகோலின்படியே, ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்பது வேறு கேள்வி. இதை வைத்துக்கொண்டு சாமி குணமாக்கும் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். நான் பார்ப்பது வேறு. மருந்து இல்லாமலே இவ்வளவு செய்ய முடிகிற ஏதோ ஒன்று அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. வரவேற்பு, துணை, அச்சமின்மை, செய்ய ஒரு வேலை. மருத்துவமனை இதில் எதையுமே தரவில்லை.

தர முடியாது என்பதும் இல்லை. ஐம்பதுகளில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். படுக்கை போதாமல், மைதானத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். குடும்பம் இருந்தபோது நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள், தேறியவர்களைக் குடும்பம் திரும்ப அழைத்துக்கொண்டு போனது. 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தோடு தங்கி வைத்தியம் பார்க்கும் முறையைக் கைக்கொண்டது. உறவினரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது மேற்கத்திய விடுதி மாதிரி. அமிர்தசரசில் நடந்ததும் வேலூரில் நடந்ததும் நம்மூர்க் கோயில் திண்ணையில் எப்போதும் நடந்துகொண்டிருந்ததும் ஒரே காரியம். வேறுபாடு, அங்கே மருந்து இருந்தது.

மருந்தைப் பற்றியும் நம் ஆட்கள் சரியாகப் பேசியதில்லை. குளோர்புரோமசின் 1952-இல் பாரிசில் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டு, ஐம்பதுகளிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விலை குறைந்த மாத்திரை. இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருமுறை போட்டால் போதும் என்கிற ஊசியும் பின்னால் வந்தது. கை நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கம் என்று பக்க விளைவுகள் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. ஆனால் கிராமத்துக்கு இந்த மருந்துகளின் வரலாற்றுப் பொருள் ஒன்றுண்டு. பைத்தியத்தைச் சுவருக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவை உடைத்தன. அம்மைத் தடுப்பூசி போடுகிற நர்சம்மா சைக்கிளில் கொண்டுவந்து கொடுக்கக்கூடிய பொருளாக மனநோய் வைத்தியம் மாறிவிட்டது. கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பதுதான் மிச்சக் கதை.

முயற்சிகள் நடந்தன. எழுபதுகளின் நடுவில் சண்டிகர் மருத்துவர்கள் அரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்திலும், நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பெங்களூருக்கு வெளியே சகலவாராவிலும் கிராம அளவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு இரண்டு வாரம், சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, நாலைந்து மருந்துகளை அங்கேயே வைத்து நடத்திக் காட்டினார்கள். மனநல நிபுணர் மேற்பார்வை பார்ப்பார்; வைத்தியம் பார்ப்பது உள்ளூர் டாக்டர். இந்த மாதிரியைப் பின்பற்றி 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாலு மாநிலங்களில் ஒவ்வொரு மாவட்டத்தில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் திருச்சி. குணசீலம் இருக்கும் மாவட்டம். தற்செயலாகத்தான் இருக்கும்.

ஆனால் பெல்லாரியில் மையமாக இருந்தது பரவும்போது நழுவிற்று. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பயிற்சிக்குப் போவார், திரும்பி வருவதற்குள் மாற்றல் வந்துவிடும். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு என்று மேலிருந்து கணக்குக் கேட்கப்படும் வேலைகளுக்கு நடுவே, யாரும் கணக்குக் கேட்காத நோய் மனநோய். கடைசியில் மாவட்டத் தலைநகரிலிருந்து நிபுணர் ஜீப்பில் வந்து முகாம் போட்டுவிட்டுப் போவது திட்டம் என்றாயிற்று. ஜீப் வராத வாரம் மருந்தும் வராது. சர்க்கரை மாத்திரையை ஒரு வாரம் விட்டால் சமாளிக்கலாம். மனச்சிதைவுக்கு மாத்திரையை விட்டவர் மறுபடி வருவதற்குள், வீட்டைவிட்டுப் போயிருப்பார்.

எங்கள் தெரு அக்காவுக்கு இதுதான் நடந்தது. ஏர்வாடியில் ஒரு வருஷம் போல இருந்துவிட்டு வந்தபின், யாரோ சொல்லி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். மாத்திரை வேலை செய்தது. ஏழெட்டு மாசம் அவர் மிளகாய்ப் பழம் பொறுக்கப் போனதை நானே பார்த்தேன். சங்கிலி மாட்டுக் கழுத்துக்குத் திரும்பிவிட்டது. பதினைந்து நாளுக்குத்தான் மாத்திரை கொடுப்பார்கள். போக வர ஒரு நாள், இரண்டு பேர் பஸ் காசு, ஒரு நாள் கூலி நஷ்டம். மாசத்தில் இரண்டு தடவை. அறுவடை வந்தது, ஒரு தடவை போகவில்லை. அப்புறம் பிள்ளைதான் நல்லாயிருக்கே என்று ஒரு தடவை. கோடைக்குள் பழையபடி தூணுக்கு வந்தாயிற்று. இரண்டாவது முறை ஏர்வாடியில் தர்காவுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு நடத்திக்கொண்டிருந்த 'விடுதி' ஒன்றில் விட்டார்கள். தாய் கூட இருக்க முடியவில்லை, மாசம் பணம் அனுப்பினார்.

அந்தக் கொட்டகைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தர்காவையும் இவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது பெரிய பிழை. குடும்பம் கூட இருந்தவரை தர்கா தர்காவாக இருந்தது. கூட இருக்க முடியாத குடும்பங்கள் பெருகப் பெருக, அந்த இடைவெளியில் முளைத்தவை தனியார் விடுதிகள். பணம் கட்டு, விட்டுவிட்டுப் போ. 1794-இல் கம்பெனி காசில் நடந்த ஒப்பந்தத் தொழிலை இங்கே ஏழைகள் மணியார்டரில் நடத்தினார்கள். 1987 சட்டப்படி இந்த விடுதிகளுக்கு உரிமம் வேண்டும். அரசு அதிகாரிகள் கண்ணுக்கு எதிரேதான் அவை உரிமம் இல்லாமல் நடந்தன.

2001 ஆகஸ்டு 6 விடிகாலையில் அப்படி ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகினார்கள், பின்னால் இறந்தவர்களோடு 28. எங்கள் அக்கா அதற்கு ஏழு வருஷம் முன்பே, அந்த மாதிரி இன்னொரு கொட்டகையில், வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்திருந்தார். அது செய்தியாகவில்லை.

தீக்குப் பிறகு அரசு வேகமாக நடந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள். சிலரைக் குடும்பங்கள் வந்து அழைத்துக்கொண்டன, சிலரைக் கீழ்ப்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். உச்சநீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. 2002 பிப்ரவரியில் போட்ட உத்தரவில், மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றது. கிராமங்களில் பிரசாரம் செய்யவும் சொன்னது: சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம், மனநோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கோயிலுக்கும் தர்காவுக்கும் அல்ல.

எந்த மருத்துவரிடம்? முதுகுளத்தூர்க்காரர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி இதுதான். நீதிபதிகளுடைய கோபம் நியாயமானது, சங்கிலி பற்றிய வாசகம் தேவையானது. ஆனால் கதவு ஒன்றை மூடும்போது வேறு கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா. 28 பேர் சாவிலிருந்து அரசும் பத்திரிகைகளும் படித்துக்கொண்ட பாடம் மூடநம்பிக்கை என்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரியை யாரும் திறந்து பார்க்கவில்லை. நம் சிறுபத்திரிகைகளும் அப்போது தர்காவுக்கு எதிராகவோ ஆதரவாகவோதான் எழுதின. மதவாதிகள் அந்தத் தீயில் குளிர்காயப் பார்த்ததால் நாம் தர்காவைக் காக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். குஜராத்தில் உனாவாவின் மீரா தாதார் தர்காவில், துஆவோடு மருந்தும் என்ற ஏற்பாடு 2008 வாக்கில் தொடங்கியது. முஜாவர்களே நோயாளியைப் பக்கத்து அறையில் இருக்கும் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஏர்வாடியிலும் 2014-இல் தமிழக அரசு இதைத் தொடங்கிற்று. தீ எரிந்து பதின்மூன்று வருஷம் கழித்து, சனங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த இடத்துக்கு டாக்டரும் வந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-இலிருந்து, சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் ஒரு பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பஸ்ஸில் திரை வழியாகச் சென்னையில் இருக்கும் டாக்டரோடு பேசலாம். திரையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்த பஸ்ஸுக்குள்ளேயே மருந்துக் கடையும் இருந்தது. 2014-இல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் மராட்டியத்தின் சதாராவிலும் கோவாவிலுமாக 282 மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. ஆஸ்பத்திரி வைத்தியத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்துபோனால், வெறும் ஆஸ்பத்திரி வைத்தியத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேறுகிறார்கள் என்று கண்டது. கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பணியாளர் மனநல நிபுணர் இல்லை, பள்ளிப்படிப்பு முடித்த ஊர்க்காரர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அதன் 18-ஆம் பிரிவு மனநல வைத்தியத்தை உரிமை என்கிறது. நோயாளி நெடுந்தூரம் பயணம் செய்யும்படி விடக் கூடாது என்கிறது. 1912-இலிருந்து பார்த்தால் தலைகீழ் மாற்றம். தூரம் ஒரு அநீதி என்று இந்தியச் சட்டம் இந்த நோய் விஷயத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அதே பிரிவில் இன்னொரு வாசகம்: அத்தியாவசிய மருந்துகள் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேல்நோக்கி. சமுதாய சுகாதார நிலையம் என்பது வட்டார அளவில் இருப்பது. அதற்குக் கீழே, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் இந்த வாசகத்துக்கு வெளியே நிற்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு அந்தச் சில கிலோமீட்டர் ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியமே பெறவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் அறிவித்த நோய்களின் வரிசையில் மனநோய் இல்லை. 2022-இல் தொலைபேசி ஆலோசனைக்கு 14416 என்ற எண் வந்தது. தூங்காத இரவில் பேச ஒரு குரல் கிடைப்பது சின்ன விஷயமில்லை, போனில் ஊசி போட முடியாது என்றாலும். இவை எல்லாவற்றையும்விட, 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கியது எங்கள் பக்கத்தில் எத்தனை தாய்மார்களை மாத்திரை வாங்கப் போக வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மனநலத் திட்டங்களைப் பற்றி எழுதுகிற யாரும் அதைச் சேர்த்து எழுதிப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. கடைசி வீட்டுத் தூண் இப்போது இல்லை, காங்கிரீட் வீடு. நான் இது பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்கு அதே மாதிரி ஆரம்பித்திருக்கிறது என்றார்.

'அந்த மாத்திரைய இப்ப நம்ம ஊரு ஆஸ்பத்திரியிலயே குடுக்குறாகளா?'

'இங்க இல்ல ஆத்தா. தாலுகா ஆஸ்பத்திரியில. வாரத்துல ஒரு நாளு டாக்டர் வர்றாராம்.'

'எந்தக் கெழம?'

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து அந்தப் பையனின் அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.